அலைச்சறுக்கும் நீச்சலும் ஒரே தீவில் கிடைக்குமா? டிசம்பரில் குடும்பத்தோடு எங்கே போகலாம்?

ஈசூன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாலைந்து நாள் ஒதுக்குப்புறமான ஒரு தீவுக் கடற்கரையில் தங்கிவிட்டு வரலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். மகனுக்கு 13 வயது, அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், எனக்கும் அவனோடு சேர்ந்து பலகையில் ஏறிப் பார்க்க ஆசை. மகளுக்கு 9. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெளிந்த தண்ணீரில் நீந்தினால் போதும். இங்கிருக்கும் செந்தோசா தீவு வேண்டாம், எதிரே வரிசையாகக் கப்பல்கள், அலையும் கிடையாது. பெரிய ரிசார்ட்டும் வேண்டாம், சுத்தமான மணலும் கொஞ்சம் மரநிழலும் இருந்தால் போதும்.

வேலையிடத்தில் ஒரு மலாய் நண்பர் மலேசியாவின் தியோமான் தீவில் ஜுவாரா என்ற ஊரைச் சொன்னார், டிசம்பரில்தான் அங்கே அலை நன்றாக இருக்குமாம். என் மைத்துனரோ டிசம்பரில் தியோமான் பாதி மூடிக் கிடக்கும், ஃபெர்ரியே சரியாக ஓடாது என்கிறார். எது சரி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். கார் இருக்கிறது, ஃபெர்ரி கிளம்பும் மெர்சிங் வரை ஓட்டிப் போகலாம். மகன் ஸ்விம்சேஃபர் நீச்சல் பயிற்சியில் வெள்ளி நிலை முடித்திருக்கிறான், நானும் நன்றாக நீந்துவேன்.

அலைமீது:

இரண்டு பேர் சொல்வதும் சரி, சிக்கலே அதுதான். அலையைக் கொண்டுவரும் காற்றுதான் ஃபெர்ரியையும் நிறுத்துகிறது.

காற்று தடையில்லாமல் நெடுந்தூரம் தண்ணீர்மேல் வீசினால்தான் அலை திரளும். சிங்கப்பூருக்கு மேற்கே சுமத்ரா, தெற்கே இந்தோனேசியத் தீவுகளான பாத்தாமும் பிந்தானும், வடக்கே ஜோகூர் என்று சுற்றிலும் நிலம், அதனால் நம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கப்பல் போனால் எழும் அலைதான் பெரிய அலை. ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் முழுவதையும் கடந்து வருகிறது. மலேசியாவின் கிழக்குக் கரை அதை நேருக்கு நேர் வாங்கிக்கொள்கிறது: டெசாரு, செராத்திங், அப்புறம் தியோமானின் கிழக்குப் பக்கம். தெக்கேக், சாலாங், ஏர் பாத்தாங், கெந்திங் எல்லாம் மேற்குப் பக்கத்தில், மலையின் மறைவில் இருக்கின்றன. ஜுவாரா மட்டும் கிழக்கே திறந்து கிடக்கிறது, அதனால்தான் உங்கள் நண்பர் அந்தப் பெயரைச் சொன்னார்.

அதே ஜுவாராவுக்கு ஜூன் மாதம் போங்கள், தண்ணீர் குளம்போலக் கிடக்கும், கழுத்தளவில் நின்றாலும் கால்விரல் தெரியும். நீந்த அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் பலகையைத் தூக்கிக்கொண்டு போனால் அதன்மேல் படுத்து வானம் பார்க்கலாம், அவ்வளவுதான். டிசம்பரில் நேர்மாறு. கரையிலேயே அலை அடித்து உடையும், மணல் கலங்கித் தண்ணீர் பழுப்பாக இருக்கும், உங்கள் மகளை முழங்கால் அளவுக்கு மேல் இறங்க விடமாட்டீர்கள். ஆக ஒரே இடத்தில் இரண்டும் கிடைக்கும், ஒரே வாரத்தில் கிடைப்பதுதான் கஷ்டம்.

டிசம்பர் அலையும் படத்தில் பார்க்கிற மாதிரி நீளமாக, ஒழுங்காக உருண்டு வராது. காற்று பக்கத்திலேயே வீசுவதால் ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் வரும். பழகியவர்களுக்கு அது போதும், அவர்கள் அதற்காகவே காத்திருந்து போவார்கள். முதல்முறை பலகை ஏறுகிறவன் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது வந்து தலையில் விழும். 13 வயதுப் பையனுக்கு முதல் அனுபவமே இப்படி அமைந்தால் அவன் ஆசையே போய்விடும் என்றுதான் எனக்குக் கவலை.

நான் சொல்வது மார்ச் மாத ஒருவார விடுமுறை. பருவக்காற்று அடங்கிக்கொண்டு வரும் நேரம், இடுப்பளவு அலை வந்தால் அது கற்றுக்கொள்ளப் போதுமானது, மழை குறைந்திருக்கும், மூடியிருந்த தங்குமிடங்கள் திறக்க ஆரம்பித்திருக்கும். சில நாள் அலையே இருக்காது, அதற்கும் தயாராகப் போங்கள், அந்த நாட்களில் உங்கள் வீட்டுப் பெண்கள் நீந்தட்டும்.

போகும் வழி: ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் சுமார் 130 கிலோமீட்டர். விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் எல்லையைக் கடக்கும் உட்லண்ட்ஸ் பக்கம் போகாதீர்கள், விடியற்காலையில் கிளம்புங்கள். மெர்சிங் ஆற்றுமுகம் ஆழமில்லாதது, ஓதம் ஏறினால்தான் ஃபெர்ரி வெளியே போக முடியும், அதனால் நேரம் நாளுக்கு நாள் மாறும். முதலில் ஃபெர்ரி நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். தெக்கேக்கில் இறங்கி, மலைக்குக் குறுக்கே செங்குத்தாக ஏறி இறங்கும் சாலையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஜுவாரா போக வேண்டும். தங்குமிடத்தில் முன்பே சொல்லிவைத்தால் வண்டி அனுப்புவார்கள். ரிங்கிட்டை மெர்சிங்கிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரின்பரேட் அக்கா:

தம்பி, தியோமான் நல்ல இடம்தான், ஆனால் டிசம்பரிலேயே பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் நம் ஊரிலேயே லாசரஸ் தீவு இருக்கிறதே. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களே பாதிப் பேர் போனதில்லை. மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் படகுத்துறை எதிரிலேயே இருக்கிறது, செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கி இணைப்புப் பாதையில் நடந்தால் லாசரஸ். பிறை வடிவில் வளைந்த வெள்ளை மணல், உள்வாங்கிய கடல், அலை கிடையாது. உங்கள் மனைவியும் மகளும் கேட்பது அப்படியே அங்கே இருக்கிறது. வாரநாளில் போங்கள். ஞாயிறு மதியம் என்றால் உல்லாசப் படகுகள் வந்து நங்கூரம் போட்டு, பாட்டு அலறும்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு போங்கள், உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாசரஸ் பக்கம் பெட்டி ஜெல்லி மீன் தென்பட்டிருக்கிறது, அதனால் பிள்ளைகளுக்குக் கை கால் மூடிய நீச்சலுடை போட்டுவிடுங்கள், ஒரு சின்ன பாட்டிலில் வினிகர் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, வினிகரை ஊற்றிவிட்டு உடனே ஆம்புலன்சுக்கு 995 அழையுங்கள்.

செயின்ட் ஜான்ஸில் நடக்கும்போது பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் மேல்தளத்துப் பயணிகளாக வந்த நம் ஆட்களை நோய்த்தடுப்புக்காக அந்தத் தீவில்தான் இறக்கி வைத்திருந்தார்கள். என் தாத்தா சிங்கப்பூரில் முதலில் மிதித்த மண் அதுதான். ஊருக்குள் விடுவதற்கு முன் அங்கே உட்கார்ந்து எதிர்க்கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார். பேரப்பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது அந்த மணல் கறுத்துப்போன படத்தைப் பார்த்து உண்மையாகவே அழுதேன், ஆட்கள் குனிந்து குனிந்து சுத்தம் செய்ததையும் மறக்க முடியாது. அதனால் போகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் மூடியைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

ஈசூன்வாசி:

அக்கா, அலைமீது, இருவருக்கும் ரொம்ப நன்றி. டிசம்பரில் லாசரஸ், மார்ச்சில் ஜுவாரா என்று வீட்டில் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது, மகன் மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தான். ஒரு சந்தேகம்: மனைவி கடல் இழுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயப்படுகிறார். வெள்ளி நிலை முடித்த பையன் அதைச் சமாளிப்பானா? பிந்தானும் பக்கம்தானே, அங்கே போனால் பாதுகாப்பா?

நீச்சல்_பயிற்சி:

பல வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். வெள்ளி நிலை நல்ல அடித்தளம், ஆனால் அது நீச்சல்குளத்தில் வாங்கியது. குளத்தில் தண்ணீர் நகராது, ஓரம் எப்போதும் கைக்கு எட்டும். கடலில் பிள்ளை முதலில் இழப்பது மூச்சைத்தான், பலத்தை அல்ல.

கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும், அது ஒரு குறுகிய பாதையைப் பிடித்துக்கொண்டு வேகமாகத் திரும்பும், அதுதான் இழுப்பு. நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகும் இழுப்பை அளந்திருக்கிறார்கள், ஒலிம்பிக் வீரரே 100 மீட்டரை ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் நீந்துகிறார். அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், இறங்குவதற்கு முன் கால்மணி நேரம் மணலில் உயரமான இடத்தில் நின்று பாருங்கள், பையனையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்கும், நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்தோ மணல் கலங்கியோ இருக்கும், அதன்மேல் நுரையும் சருகும் கரைக்கு வராமல் கடல் பக்கம் நகரும். புதியவர்கள் பிள்ளைகளோடு இறங்குவது அந்த இடத்தில்தான், ஏனென்றால் கடற்கரையிலேயே அமைதியாகத் தெரிவது அதுதான். ஜுவாராவில் ஒரு பருவகாலத்தில் என் கண்ணெதிரே ஓர் அப்பா, தோளில் சின்னப் பெண்ணோடு, நேராக அந்தப் பட்டைக்குள் நடந்து போனார். நான் கத்தியது காற்றில் அவருக்குக் கேட்கவில்லை, ஓடிப்போய்க் கையைப் பிடித்துத்தான் நிறுத்தினேன். அவருக்கு அப்போதும் புரியவில்லை. ஒரு தேங்காய் மட்டையை அதில் வீசிக் காட்டினேன், நாங்கள் பேசி முடிப்பதற்குள் அது அலைகளைத் தாண்டி வெளியே போய்விட்டது.

மாட்டிக்கொண்டால் முதலில் மல்லாந்து மிதக்க வேண்டும், மூச்சு சீரானதும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும், அலை உடையும் இடம் வந்ததும் அந்த அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம். முடியவில்லையென்றால் மிதந்துகொண்டே கையைத் தூக்கி ஆட்டட்டும். பலகையோடு இருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது, பலகைதான் அவனுடைய மிதவை. கணுக்காலில் கட்டும் கயிறு பழையதாக இருந்தால் வாடகைக்குக் கொடுப்பவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். நுரைப்பலகையே கேளுங்கள், கடினமான பலகை திரும்பி வந்து தலையில் அடித்தால் தையல் போட வேண்டியிருக்கும், தீவில் பெரிய மருத்துவமனை கிடையாது.

முதல் இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டவே வேண்டாம். உடைந்து நுரையாக வரும் அலையிலேயே படுத்து, தள்ளிவிட்டு, எழுந்து நிற்கப் பழகினால் போதும், அதிலேயே அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கும். அதுவரை ஈஸ்ட் கோஸ்டில் பலகைமேல் படுத்துக் கையால் துழாவப் பழக்குங்கள். நான் பார்த்தவரை முதல் நாள் மதியத்துக்குள் எல்லோருக்கும் தோள்தான் சோர்ந்துபோகிறது, கால் அல்ல.

பிந்தானிலும் இதே கதைதான். தானா மேரா படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகலாம், ஆனால் திரிகோரா கடற்கரையும் தென்சீனக் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது, அதே மாதங்களில் அதே காற்று.

அலைமீது:

நீச்சல்_பயிற்சி சொன்னதை அச்செடுத்து மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. இப்போதெல்லாம் நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஜுவாரா சின்ன மலாய்க் கிராமம், அந்த நேரத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பெருநாள் வாரமாக இருந்தால் ஃபெர்ரியிலும் இடம் கிடைப்பது கஷ்டம். தேதியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு சின்ன ரைஸ் குக்கர் இருந்தால் நாலு நாளை ஓட்டிவிடலாம். அங்கே கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும் மணல்பூச்சி உண்டு, தேங்காய் எண்ணெயை முழங்காலுக்குக் கீழே கெட்டியாகத் தடவிக்கொண்டு உட்காருங்கள், வெறும் மணலில் படுக்க வேண்டாம்.

ஜுவாரா இரண்டு வளைகுடாவாக இருக்கிறது. நீங்கள் தெற்கே இருக்கும் மெந்தாவாக் பக்கம் தங்கினால் பலகைக்கு வசதி, ஆமைப் பாதுகாப்புத் திட்டமும் அங்கேதான். மகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், கேட்டால் சுற்றிக் காட்டுவார்கள்.

ஈசூன்வாசி:

ஆமை என்றதும் மகள் இப்போதே பை கட்ட ஆரம்பித்துவிட்டாள். மார்ச் தேதியை நோன்புக் காலண்டரோடு வைத்துப் பார்த்துவிட்டு இன்றிரவே மெந்தாவாக் பக்கம் ஓர் இடத்துக்கு எழுதுகிறேன். அக்கா, அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லாசரஸ் போகிறோம். செயின்ட் ஜான்ஸில் உங்கள் தாத்தா இறங்கிய பழைய துறை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

மரின்பரேட் அக்கா:

துறை எது என்று அவர் சொன்னதில்லை தம்பி. படகை விட்டு இறங்கி மேடேறினால் பழைய கட்டடங்கள் இருக்கும், நான் அங்கே நின்றுதான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வேன். காலை முதல் படகிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் அந்தப் பக்கம் நடந்துவிட்டு அப்புறம் கடலுக்குப் போகலாம். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.