நல்ல மாட்சா லாட்டே தரும் கஃபேயை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பெருநகரத்தில் மூன்று மாதங்களாகத் தேடுகிறேன். ஆறு கஃபேக்களில் மாட்சா லாட்டே, அதாவது ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளைப் பாலில் கலந்த பானம், குடித்துவிட்டேன். ஒன்றுகூட நிறைவாக இல்லை. எங்கும் ஒரே குறைதான்: மங்கிய மஞ்சள் கலந்த பச்சை, அடியில் கட்டி கட்டியாகத் தூள், தேயிலை மணத்தை அமுக்கிவிடும் இனிப்பு. சர்க்கரை வேண்டாம் என்றால், தூளிலேயே கலந்து வருகிறது என்கிறார்கள்.

ஓட்ஸ் பாலுக்கு மாறினேன், ஐஸ் போட்டும் கேட்டேன், கூட்டமில்லாத காலை வேளையிலும் போனேன். பயனில்லை.

வீட்டில் ஜப்பானின் உஜி ஊர் மாட்சாத் தூளைச் சலித்து, 80 டிகிரி வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் நுரை வர அடித்தால் பளிச்சென்ற பச்சையும் அந்த மெல்லிய கசப்பும் கிடைத்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது அந்தச் சுவைதான்.

இனிப்புக் கலக்காத தூளை உடனுக்குடன் அடித்துத் தரும் கஃபே எது என்பதை, பணம் கொடுக்கும் முன்பே எதை வைத்து அறிவது?