ஹிரோஷிமாவில் ஒரு நாள், நான்கு பேர், ஒரு இரும்புக்கல்

சென்னையிலிருந்து வந்த கூட்டாளிகள் மூன்று பேரும் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் கேட்டார்கள்: "மச்சான், அங்க இன்னும் கதிர்வீச்சு இருக்காதா?" பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் குடியிருக்கிற ஊர், பேசாமல் வாங்கடா என்றேன். நான் ஒசாகாவில் இருக்கிறேன். அங்கிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.

மூன்று பேரில் ஒருவன் அந்த நாள் முழுவதையும் எக்செல்லில் போட்டு அச்செடுத்து வந்திருந்தான். இன்னொருவன் சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வான். இந்த இரண்டும்தான் அன்றைய கதை.

முதல் கூத்து டிராமில். இறங்கும்போது காசு போட வேண்டும், சரியான சில்லறையாகப் போட வேண்டும். சில்லறை மாற்றிக்கொள்ள அதே பெட்டியிலேயே தனியாக ஒரு வாய் இருக்கிறது. திட்டக்காரன் 500 யென் நாணயத்தை நேராகக் கட்டண வாயில் போட்டுவிட்டு மீதிக்குக் கை நீட்டியபடி நின்றான். வரவில்லை. பின்னால் வரிசை நின்றது, ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகக் கூச்சமாக இருந்தது.

அணுகுண்டு டோமைப் படங்களில் பார்த்துப் பார்த்துப் பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தோம். நேரில் சின்னதுதான். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்து 1915இல் கட்டியது, பொருட்காட்சிக் கூடமாக இருந்தது. குண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே வெடித்ததால்தான் சுவர்களில் கொஞ்சம் நின்றுவிட்டன என்கிறார்கள். விமானத்திலிருந்து குறி வைத்த அயோய் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது அதன் மேல் டிராம் போகிறது.

அருங்காட்சியகத்துக்கு 200 யென். 8.15க்கு நின்றுபோன கைக்கடிகாரம், மூன்று வயதுக் குழந்தையின் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள், எல்லாம் பார்த்தோம். எங்களை நிறுத்தியது ஒரு டிபன் டப்பா. தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு, குண்டு விழுந்த அன்று காலை போன ஒரு பள்ளிக்கூடப் பையனுடையது. உள்ளே இருந்த சாப்பாடு அப்படியே கரிக்கட்டியாக இருக்கிறது. அந்த டப்பாவை வைத்துத்தான் அம்மா பிள்ளையை அடையாளம் கண்டாளாம். திட்டத்தாளில் அடுத்த வரி "12.00 சாப்பாடு". அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனால் பசித்தது. ஒரு மணிக்கு மேல், சந்துக்குள் எட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு ஒகோனோமியாகி (கல்லில் சுடும் ஜப்பானிய அடை) கடைக்குள் நுழைந்தோம். பரோட்டாக் கல்லை நீட்டி இழுத்த மாதிரி ஒரு இரும்புக்கல், அந்தப் பக்கம் எழுபது வயதுப் பாட்டி, இந்தப் பக்கம் நாங்கள். ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்து ஊற்றுவார்கள். இங்கே அடுக்கு. மாவைத் தோசை மாதிரி மெல்லிசாக இழுத்து, மீன் தூள் தூவி, முட்டைக்கோஸைக் குவித்து, பன்றி இறைச்சி வைத்துக் கவிழ்த்து, அடியில் நூடுல்ஸ், அதற்கும் அடியில் முட்டை.

அந்த மீன் தூளில்தான் சிக்கல். சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரி காயவைத்தது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சைவக்காரர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான், சூப்பிலும் சாஸிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். "நிகு நாஷி, சகானா நாஷி" என்றேன், கறி வேண்டாம், மீன் வேண்டாம். பாட்டி யோசித்துவிட்டு, "தாஷி மோ தமே?" என்றார். மீன் சாறும் ஆகாதா? ஆகாது என்று சைவக்காரனே தலையாட்டினான்.

அதன் பிறகு பாட்டி செய்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. கல்லின் ஓரத்தில் ஒரு முழ அகலத்தைத் தகட்டால் சுரண்டி, துணியால் துடைத்து, புது எண்ணெய் விட்டார். அந்த இடத்துக்கு மட்டும் வேறு கரண்டி. சாஸ் பாட்டிலை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்னாலிருந்த பொடி எழுத்தை எல்லாம் படித்தார். உதட்டைப் பிதுக்கிப் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, சோயா சாஸையும் மிளகுத் தூளையும் எடுத்தார். மற்ற மூன்று பேருடையதும் தயாராகி ஆறிக்கொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை.

முட்டைக்கோஸ் அவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. தட்டில்லை, கல்லிலிருந்தே சின்ன இரும்புத் தகட்டால் வெட்டி வெட்டிச் சாப்பிட வேண்டும். நாக்கு சுட்டது. போருக்கு முன்னால் பிள்ளைகள் வாங்கித் தின்ற மலிவுத் தின்பண்டம்தான் இது. பின்னால் அரிசி கிடைக்காத காலத்தில் மாவும் முட்டைக்கோஸும் சேர்ந்து வயிற்றை நிரப்பும் சாப்பாடாகிவிட்டது. கணவனைப் போரில் இழந்த பெண்கள் பலர் வீட்டு முன்பக்கத்திலேயே கல் போட்டார்களாம், இன்றைக்கும் நிறையக் கடைப் பெயர்கள், ஆளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி 'ச்சான்' என்று முடிவது அதனால்தான் என்று சொல்வார்கள். இதைச் சொன்னதும் திட்டக்காரன் அந்த டப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்த பிறகு அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பக்கத்துத் தீவான மியாஜிமாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோரும் எழுதிவிட்டார்கள். படகில் பத்து நிமிடம். நாங்கள் போனபோது நீர் ஏற்றம், கோயிலின் சிவப்பு வாசல் வளைவான தோரி கடலுக்குள் நின்றது. 1875இல் வைத்தது. கால்களை மண்ணில் புதைக்கவில்லை, தன் எடையிலேயே நிற்கிறது. மான்களுக்குத் தீனி போடக் கூடாது என்று அறிவிப்பு இருக்கிறது. மான்களுக்கு அது தெரியாது. திட்டக்காரன் படம் எடுக்கக் குனிந்த நேரத்தில் பின்பாக்கெட்டிலிருந்து தாளை உருவி, நாங்கள் கத்துவதற்குள் பாதிக்கு மேல் மென்றுவிட்டது ஒன்று. மிச்சத்தில் "3.15 கோயில்" வரைக்கும்தான் இருந்தது.

அப்புறம் என்ன, திட்டமில்லாமல் கடைத்தெருவில் நடந்தோம். மேப்பிள் இலை வடிவ மோமிஜி மஞ்சூவை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்துக் குச்சியில் குத்தித் தருகிறார்கள், உள்ளே இனிப்புப் பயறு. சுசியம்தான், சந்தேகமே வேண்டாம். சைவக்காரன் மூன்று சாப்பிட்டான். மூன்றாவதை முடித்துவிட்டுக் குச்சியை நக்கிக்கொண்டே கேட்டான்: "டேய், இதுல மீன் இல்லல்ல?"