பாட்டு மனப்பாடம், வாசிப்பு பூஜ்யம். என்ன செய்யலாம்?

மழைக்கால டீச்சர்

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு மூன்றையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், 23 பிள்ளைகள். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து பாட்டு, முகமூடி, விரல் பொம்மை எதற்கும் குறைவில்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று குழு பிரித்து உட்கார வைத்தாலும், பாட்டு என்றால் எல்லாமே தொண்டை கிழியப் பாடும்.

சிக்கலே அங்கேதான். போன வாரம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பாட்டுப் பக்கத்தில் விரல் வைத்து ஒரு பிசகில்லாமல் படித்தான். நடுவில் ஒரு சொல்லைக் காட்டி "இது என்னடா?" என்றேன். முதல் வரியிலிருந்து மறுபடி பாடிக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நிறுத்தினான்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

படம் வரையச் சொன்னால் இன்னொரு கூத்து. மாடு வரைந்து கொம்புக்குக் கலர் அடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. "மாடு" என்று எழுத நேரமே இல்லை. தலைமையாசிரியர் "இது என்ன டிராயிங் கிளாஸா?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் பாட்டையும் படத்தையும் விட மனசில்லை. வழி சொல்லுங்கள்.

பழைய பலகை

வெள்ளிக்கிழமை மதியம் பாட வையுங்கள், வரைய வையுங்கள். மற்ற நாளில் தினம் பத்துச் சொல், சொல்வதெழுதுதல். நாமெல்லாம் அப்படித்தான் படித்தோம்.

செய்யாற்றங்கரை

பலகை சார் சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன், நானும் தினம் எழுத வைக்கிறேன். ஆனால் டீச்சர், உங்கள் வகுப்பில் பாட்டு கூடிப்போகவில்லை. வாசிக்காமலே பாட முடிகிறது, அதுதான் கோளாறு. வாசித்தால்தான் ஆட்டம் நகரும் என்று மாற்றிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் தெருக்கூத்து ஊர். வேடம் மேடைக்கு வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் "யாரப்பா நீ, எந்த ஊரு?" என்று வம்பிழுப்பான். அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தேன். திரைக்கு ஒரு பழைய துண்டு. பின்னால் நிற்கும் பிள்ளை கையில் ஒரு சீட்டு: "நான் ஓணான். வேலியில் இருப்பேன்." சீட்டைப் படிக்காவிட்டால் தான் யார் என்றே அதற்குத் தெரியாது. முதல் நாள் ஒரு பெண் "குதிரை" என்ற சீட்டைக் "குருவி" என்று நினைத்து, சிறகடித்துக்கொண்டே வந்தாள். கட்டியக்காரன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு "குருவிக்குக் குளம்பு எதுக்கு?" என்றான். கு என்று பார்த்ததும் மீதியை ஊகித்திருக்கிறாள். மறுநாளிலிருந்து சொல்லின் கடைசி எழுத்து வரை விரல் போகிறது.

சீட்டு தினமும் புதிதாக இருக்க வேண்டும். அதையே இரண்டு நாள் கொடுத்தால் அதுவும் மனப்பாடம். அரும்புக் குழுவுக்கு துணைக்கால், கொம்பு எதுவும் இல்லாத சொல்: மரம், படம், கல், பல்.

படத்தை வாசிப்புக்குப் பின்னால் தள்ளுங்கள். "மாட்டுக்கு மூன்று கால். வால் மேலே. கொம்பில் கிளி." மூன்று வரியையும் படித்துவிட்டு வரையட்டும். நாலு கால் போட்டிருந்தால் படிக்கவில்லை என்று அர்த்தம், தனியாகத் திருத்தவே வேண்டாம். பென்சில் மட்டும். கலர் வீட்டில்.

அப்புறம் உகரம். துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி, கா, மா, பா என்று போய்விடலாம். உகரம் அப்படியா? கு சுழித்துக்கொண்டு வரும், பு நேரே கீழே இறங்கும், து கீழே போய் வளைந்து மேலே ஏறி நிற்கும். நோட்டில் நூறு தடவை எழுதியும் வராத பிள்ளைகளுக்கு வராண்டாவில் கோலமாவு கொடுத்தேன். ஒரு முழ நீளத்துக்கு து போடும்போது தோளிலிருந்து கை சுற்றி வருகிறது, அப்போது பிடித்துக்கொள்கிறார்கள். பையன்கள் முதலில் "அது பொம்பளைப் பிள்ளைங்க வேலை" என்று ஒதுங்கினார்கள். ரெண்டே நாள்தான்.

மூன்றாம் மணி

சீட்டுக்கு எங்கே போவது? தினம் 23 எழுதினால் நம் கைதான் ஒடியும்.

செய்யாற்றங்கரை

தினம் ஐந்து பேருக்குத்தான் வேடம், ஐந்து சீட்டு போதும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் இருக்கிறதே. மலர்க் குழுவையே எழுதச் சொல்லுங்கள். பிழையோடு எழுதினால் மேடையில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் அவர்களே ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கிறார்கள்.

மழைக்கால டீச்சர்

பத்து நாள் செய்து பார்த்துவிட்டு வருகிறேன். பாட்டுப் பக்கத்தை வரி வரியாக வெட்டிக் கலைத்துப் போட்டேன். அந்தப் பையன் முதல் நாள் தடுமாறி அழுதேவிட்டான், எனக்கே சங்கடமாகிவிட்டது. நேற்று அவனுக்கு வேடம். சீட்டில் "நான் பானை". இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஆடாமல் நின்றான். யாருக்கும் புரியவில்லை. "பனை மரம்" என்கிறான்.

கட்டியக்காரனாக நின்ற மூன்றாம் வகுப்புப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு "கால் இருக்குடா, பாக்கலியா?" என்றாள். இவன் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு "இருக்கே" என்றான்.

பழைய பலகை

நாளைக்குச் சொல்வதெழுதுதலில் பனை, பானை ரெண்டையும் போடுங்கள் டீச்சர்.