‘எ ஃபியூ’ என்றால் எத்தனை?

லீட்ஸ்வாசி:
இங்கிலாந்தில், லீட்ஸ் நகர அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதுகிறேன். ஆங்கில இலக்கணம் படுத்துவதில்லை. எண்ணிக்கைதான் உயிரை வாங்குகிறது. ‘எ கப்பிள்’ பில்கள் பாக்கி என்றார் மேலாளர். மேசையில் ஐந்து கிடந்தன. பாய்லர் பழுதுபார்ப்பவர் ‘எ ஃபியூ டேஸ்’ என்றார். வாரம் கடந்தும் ஆளைக் காணோம். ‘குவைட் எ ஃபியூ’ என்கிறார்களே, அது கூடுதலா, குறைவா? இவற்றுக்கெல்லாம் கணக்கு ஏதாவது உண்டா?

பழைய மாணவன்:
கப்பிள் இரண்டு, ஃபியூ மூன்று, செவரல் ஏழு. அவ்வளவுதான்.

மேகம் பார்த்தவன்:
‘செவரல்’ ஏழு என்பது ‘செவன்’ என்ற ஒலியை வைத்து யாரோ கட்டிவிட்ட கதை. அகராதிகளே ‘இரண்டுக்கு மேல், நிறையவுக்குக் கீழ்’ என்று சொல்லி நழுவிவிடுகின்றன.

ஆனால் ‘ஃபியூ’வுக்கு எண் இருக்கும் இடம் ஒன்று உண்டு. விமான நிலைய வானிலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மெட்டார் என்னும் விமான நிலைய வானிலை அறிக்கைக்காக வானத்தை எட்டுப் பங்காக வைத்துக்கொள்வோம். மேகம் ஒன்றிரண்டு பங்கை மூடினால் ஃபியூ. மூன்று, நான்கு என்றால் ஸ்கேட்டர்டு. ஐந்து முதல் ஏழு வரை புரோக்கன். எட்டும் மூடினால் ஓவர்காஸ்ட். ‘ஃபியூ’வுக்குப் பக்கத்தில் 020 என்று இருந்தால் மேகத்தின் அடிப்பகுதி 2,000 அடி உயரத்தில். தரையிறங்கப் போகும் விமானி ‘ஃபியூ என்றால் எவ்வளவு?’ என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாதே!

உங்கள் ஊர் பிபிசி வானொலியின் ரேடியோ 4 அலைவரிசையில் வரும் கடல் வானிலை அறிக்கையும் அப்படித்தான். சூறைக்காற்று எச்சரிக்கையில் ‘இமினன்ட்’ என்றால் 6 மணி நேரத்துக்குள், ‘சூன்’ என்றால் 6 முதல் 12 மணி நேரத்தில், ‘லேட்டர்’ என்றால் அதற்கும் பிறகு. ஆக, உயிர் போகிற இடத்தில் ஆங்கிலேயரும் கறாராகத்தான் இருக்கிறார்கள். பில்லுக்கும் பாய்லருக்கும் அந்தக் கவலை இல்லை.

பேச்சு வழக்கில் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். வரவேற்பறையில் ‘எ ஃபியூ’ பேர் என்றால் நாலைந்து பேர். கால்பந்து மைதானத்தில் என்றால் நூற்றுக்கணக்கிலும் இருக்கலாம். முன்னால் நிற்கும் ‘எ’வை விட்டுவிடாதீர்கள். ‘எ ஃபியூ’ நண்பர்கள் என்பவருக்குப் பேச்சுத்துணை உண்டு. வெறும் ‘ஃபியூ’ என்பவர் குறைப்பட்டுக்கொள்கிறார். ‘குவைட் எ ஃபியூ’ என்றால் கணிசமாகவே. ‘குவைட் எ ஃபியூ’ வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள் என்று மேலாளர் சொன்னால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள்.

பாய்லர்காரரிடம் எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், கிழமையைக் கேளுங்கள். உதிரிபாகம் எப்போது வரும் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அதை மறைக்கத்தான் அந்த ‘எ ஃபியூ’.

மருந்துக்கடைக்காரி:
பிரிட்டனில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் பாருங்கள். பக்கவிளைவு ‘காமன்’ என்றால் 10 பேரில் ஒருவர் வரை, ‘அன்காமன்’ என்றால் 100 பேரில் ஒருவர் வரை, ‘ரேர்’ என்றால் 1,000 பேரில் ஒருவர் வரை. எண்ணையும் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனாலும் ‘காமன்’ என்ற சொல்லைக் கண்டதும் பாதிப்பேருக்கு வரும்போலிருக்கிறது என்று பயந்து, மாத்திரையைத் தொடாமலேயே திரும்பி வருகிறவர்கள் உண்டு. இப்போதெல்லாம் அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுத்தான் கொடுக்கிறேன்.