பி.டி.யு. மீட்டரின் ‘புரோட்டோகால்’: பேச்சொழுங்கு எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குளிர்நீர் ஏசி உள்ள கட்டடங்களில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பி.டி.யு. மீட்டரை (குளிர்நீர் எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் சென்றது என்று அளக்கும் கருவி) குழாயில் பொருத்துவது, அதைக் கட்டட மேலாண்மைக் கணினியோடு இணைப்பது, ரீடிங் சரியா என்று பார்ப்பது, இவ்வளவுதான் அதில். பாதியில் ‘புரோட்டோகால்’ என்ற சொல்லிடம் மாட்டிக்கொண்டேன். ‘நெறிமுறை’ என்று எழுதி நாலு பக்கம் ஓட்டிவிட்டு, தளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். “எம்-பஸ் நெறிமுறை” (மீட்டரும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறைகளில் ஒன்று எம்-பஸ்) என்ற தலைப்பைப் பார்த்ததும், “இது சேஃப்டி ரூல்ஸாண்ணே?” என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. செய்தித்தாளைத் திறந்தால் ‘வழிகாட்டு நெறிமுறைகள்’தான். அரசு வெளியிடும், மக்கள் பின்பற்ற வேண்டும். அந்தச் சொல்லில் மேலிருந்து கீழே வரும் கட்டளை இருக்கிறது; இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சங்கதி இல்லை. ‘இணைய நெறிமுறை’ ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது அங்கே இருக்கட்டும். கட்டடக் கருவிகளுக்கு மட்டும் ‘பேச்சொழுங்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இதை நான் அகராதியில் தேடி எடுக்கவில்லை. தளத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “மூணாவது மாடி மீட்டர் பேசலை.” கம்பி அறுந்தாலும் பேசலை, முகவரி தப்பாக இருந்தாலும் பேசலை, வேகம் பொருந்தாவிட்டாலும் பேசலை. பேச்சு என்ற கருத்து ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கிறது. யார் முதலில் பேசுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, முடிந்தது என்று எப்படித் தெரிவிப்பது என்கிற ஒழுங்கைத்தான் அதோடு சேர்க்கிறேன்.

எம்-பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர்களுக்காகவே பிறந்த பேச்சொழுங்கு அது. ஜெர்மனியில் பாடர்போர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோர்ஸ்ட் சீக்லர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜெர்மன் கிளையோடும் டெக்கெம் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கியது. இன்று ஐரோப்பியத் தரம் 13757-இல் இருக்கிறது. இரண்டே கம்பி. எந்தக் கம்பியை எந்த முனையில் மாட்டினாலும் கவலை இல்லை. கேட்கும் பக்கம் மின்னழுத்தத்தால் பேசுகிறது: 36 வோல்ட் என்றால் ஒன்று, 24 வோல்ட் என்றால் சுழி. மீட்டர் மின்னோட்டத்தால் பதில் சொல்கிறது: சும்மா இருக்கும்போது 1.5 மில்லிஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும், சுழி சொல்ல வேண்டுமானால் கூடவே 11 முதல் 20 மில்லிஆம்பியர் இழுக்கும். ஒரே கம்பியில் கேள்விக்கு ஒரு குரல், பதிலுக்கு வேறொரு குரல். முதன்முதலாக இதைப் புரிந்துகொண்ட அன்று மல்ட்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த முனைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி எவ்வளவு சின்னது தெரியுமா? ஒன்றாம் எண் மீட்டரிடம் ரீடிங் கேட்க ஐந்தே பைட் போதும் (பதினாறடிமான எண்களில்): 10, 5பி, 01, 5சி, 16. முதலாவது ‘பேச ஆரம்பிக்கிறேன்’, இரண்டாவது ‘ரீடிங் கொடு’, மூன்றாவது யாரிடம் கேட்கிறோம் என்பது, நான்காவது, முந்தைய இரண்டையும் கூட்டிய சரிபார்ப்பு, ஐந்தாவது ‘முடித்தேன்’. மீட்டரிடம் சொல்ல நிறைய இருந்து, பதில் பல துண்டுச் செய்திகளாக வருகிறது என்று வையுங்கள். அப்போது 5பி-யும் 7பி-யும் மாறி மாறிப் போகும். முன்பு போனதே திரும்பப் போனால் ‘சொன்னதையே இன்னொரு தடவை சொல்’. மாறிப் போனால் ‘சரி, அடுத்ததைச் சொல்’. நாம் போனில் பேசும்போது “என்ன சொன்னீங்க?” என்றும் “ம், அப்புறம்?” என்றும் சொல்வோமே, அதேதான். இதை நெறிமுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லை ஏற்றுக்கொண்டால் இன்னொரு சிக்கலும் அவிழ்கிறது. கேட்கும் கருவியை மாஸ்டர், பதில் சொல்லும் கருவியை ஸ்லேவ் என்பார்கள்; அதை ‘ஆண்டான், அடிமை’ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கூலிக்கு வேலை செய்பவர் கையில் கொடுக்கும் புத்தகத்தில் அதை நான் எழுத மாட்டேன். மோட்பஸ் என்ற இன்னொரு பேச்சொழுங்கைக் கவனிக்கும் அமைப்பே 2020-இல் அந்தச் சொற்களைக் கைவிட்டு கிளையன்ட், சர்வர் என்று மாறிவிட்டது. நமக்கோ அந்த ஆங்கிலச் சொற்களும் தேவையில்லை. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வினாவையும் செப்பையும் வழுவாமல் காக்கச் சொல்கிறது. செப்பு என்றால் விடை. ஆகவே கேட்கும் கருவி ‘வினவி’, பதில் சொல்லும் கருவி ‘செப்பி’. “ஒரு வினவிக்குக் கீழே 250 செப்பி வரை முகவரி கொடுக்கலாம்” என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. ‘செப்பி’ தெலுங்கு போல ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் தயங்கினார். செப்பு நம் சொல்லும்தான். பழகினால் சரியாகிவிடும்.

‘பேச்சொழுங்கு எதற்கு, வினாவிடை முறை என்றே சொல்லிவிடலாமே’ என்றும் ஒரு யோசனை வந்தது. எம்-பஸ்ஸுக்கும் மோட்பஸ்ஸுக்கும் அது பொருந்தும், கட்டடக் கருவிகளுக்கான இன்னொரு பேச்சொழுங்கான பேக்நெட்டுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் ஆஷ்ரே என்ற ஏசி பொறியாளர் சங்கம் 1987-இல் தொடங்கி 1995-இல் தரமாக வெளியிட்ட பேக்நெட்டில், கருவி ஒரு முறை பெயரைப் பதிந்துகொண்டால் போதும், மதிப்பு மாறும்போது எதிர்ப்பக்கம் தானாகவே சொல்லும். அதன் இரட்டைக்கம்பி வடிவத்தில் ‘டோக்கன்’ யாரிடம் இருக்கிறதோ அவரே பேசலாம். பேசி முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். (டோக்கனை டோக்கன் என்றே விடலாம். ரேஷன் கடையில் நின்ற யாருக்கும் அது விளங்கும்.) கம்பியில்லா எம்-பஸ்ஸிலோ, பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காக, மீட்டர் யாரும் கேட்காமலே அவ்வப்போது சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். வினாவிடை என்பது பேச்சில் ஒரு வகை. பேச்சொழுங்கு எல்லாவற்றையும் தாங்கும்.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைக்கவும் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கட்டடத்தில், குடியிருக்கும் அலுவலகங்களுக்குக் குளிர்நீர்க் கட்டணம் போட மீட்டர்களை மோட்பஸ்ஸில் இணைத்தோம். முதல் மாதக் கணக்கில் ஒரு மீட்டர் 348 கோடி யூனிட்டுக்கு மேல் காட்டியது. மீட்டர் திரையில் இருந்தது 1,84,213. இரண்டு நாள் கம்பியை மாற்றினோம், கடைசியில் போட வேண்டிய 120 ஓம் தடையைச் சரிபார்த்தோம், ஏ முனையையும் பி முனையையும் மாற்றிப் பார்த்தோம். மாற்றினால் பேச்சு நின்றது, பழையபடி வைத்தால் வந்தது. சரிபார்ப்பு எண்ணில் ஒரு பிழைகூட இல்லை. பேச்சொழுங்கு முழுக்கச் சரியாகத்தான் இருந்தது.

கோளாறு வேறிடத்தில். மோட்பஸ்ஸில் எண்ணை வைக்கும் அறைக்கு ரிஜிஸ்டர் என்று பெயர்; ஒன்று 16 பிட்தான், அதாவது 65,535 வரைதான் தாங்கும். ஆகவே பெரிய எண்ணை மீட்டர் இரண்டு ரிஜிஸ்டராக அனுப்புகிறது: 2, பிறகு 53,141. இரண்டை 65,536-ஆல் பெருக்கி 53,141-ஐக் கூட்டினால் 1,84,213 வரும். கணினியில் வரிசை தலைகீழாக இருந்தது, 53,141-ஐப் போய் 65,536-ஆல் பெருக்கியிருக்கிறது. எந்தப் பாதி முதலில் என்று மோட்பஸ் தரம் கட்டாயமாக்கவில்லை. ஒவ்வொரு மீட்டர் கையேட்டிலும் ஒவ்வொரு விதம். எம்-பஸ்ஸில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அது யூனிட்டா, கன மீட்டரா, எத்தனை தசமம் என்று சொல்லும் பைட் கூடவே வருகிறது.

அதனால் கையேட்டில் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். யார் எப்போது எப்படிப் பேசுவது என்பது பேச்சொழுங்கு. எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது ‘பொருளட்டவணை’. ரிஜிஸ்டர் மேப் என்கிறோமே, அதுதான். அன்றைக்கு “புரோட்டோகால் பிரச்சினை” என்று எல்லோரும் சொல்லாமல் “பொருளட்டவணை தப்பு” என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

பல்ஸ் அவுட்புட்டை இதில் சேர்க்கவில்லை. பத்து யூனிட்டுக்கு ஒரு துடிப்பு என்று மீட்டர் தட்டிக்கொண்டே இருக்கும், எதிர்ப்பக்கம் எண்ணிக்கொள்ளும். எண்ணுகிறவர் தூங்கிவிட்டால் விட்டது விட்டதுதான், திரும்பக் கேட்க முடியாது. அதைப் பேச்சு என்று சொல்ல மாட்டேன்.

மீட்டருக்கே என்ன பெயர் என்ற கேள்விக்கும் ஒரு வரி. ‘வெப்பமானி’ வேண்டாம், அது காய்ச்சல் பார்க்கும் கருவிக்குப் போய்விட்டது. இந்தக் கருவியில் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஆளுக்கொரு உணரி உண்டு. நீர் 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்பினால் அந்த 5 டிகிரி வித்தியாசத்தை நீரோட்டத்தோடு பெருக்கி, கணம் கணமாகக் கூட்டி வைக்கிறது. தலைப்பில் ‘வெப்ப ஆற்றல்மானி’, உள்ளே பி.டி.யு. மீட்டர். எனக்கு இதுவே போதும்.

ஒரே ஒரு சொல் இன்னும் பாக்கி: கேட்வே. எம்-பஸ்ஸில் வருவதை வாங்கி பேக்நெட்டில் சொல்லும் பெட்டி. ‘நுழைவாயில்’ என்று எழுதினால் வாட்ச்மேன் நிற்கும் இடம்தான் நினைவுக்கு வருகிறது. பேச்சொழுங்கு என்று தொடங்கிவிட்டதால் எனக்குத் தோன்றுவது ‘துபாசி’. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குப் பார்த்த வேலை அது. இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்தவர் நடுவில் நிற்பது. பழைய சொல்லை இப்படித் திரும்பக் கூப்பிடலாமா, இல்லை ‘பெயர்ப்பி’ என்று புதிதாகச் செய்யலாமா? அந்த அத்தியாயத்தை அடுத்த வாரம்தான் எழுதப் போகிறேன். அதற்குள் சொல்லுங்கள்.