முன் சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?

மதுரை_வண்டிக்காரன்:
பத்து வருடம் ஓடிய சின்ன கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஒரு வாரமாக பிரேக்கை மிதித்தால் இடது முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்பக்க பேடில் 6 மி.மீ. இருக்கிறது, உள்பக்கம் 2 மி.மீ. கூடத் தேறாது. ஒர்க்‌ஷாப்பில் பேட்களை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பரோடு மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். ஸ்கூட்டருக்கு நானே பேட் மாற்றியிருக்கிறேன். காருக்கும் கை வைக்கலாமா?

பயணப்பித்தன்:
பிரேக்கில் மட்டும் விளையாட்டு வேண்டாம் நண்பரே. கூலி சில நூறு ரூபாய்தானே?

பழைய_ஸ்பேனர்:
பயணப்பித்தன் சொல்வதும் சரிதான். ஆனால் தம்பி சக்கரத்தைக் கழற்றிப் பேடை அளந்தே பார்த்திருக்கிறார், அதனால் சொல்கிறேன்.

தம்பி, அந்தச் சத்தம் பேடில் இருக்கும் சின்னத் தகடு டிஸ்கில் உரசுவது. பேட் தேய்ந்ததும் கத்துவதற்கென்றே வைத்தது. விஷயம் அதுவல்ல. உள்பேட் மட்டும் தேய்ந்திருக்கிறதே, அதைப் பாருங்கள். கேலிப்பர் இரண்டு பின்களின், அதாவது வழுக்கும் உலோகக் கம்பிகளின், மேல் நகர வேண்டும். அந்தப் பின் இறுகிவிட்டால், பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உள்பக்கத்துப் பேட் மட்டுமே வேலை செய்யும். பின்னைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் இதே கதிதான். கேலிப்பரை மாற்றுவதற்கு முன் பின்னைக் கழற்றிப் பாருங்கள்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்குக் கல், அப்புறம் ஜாக்கி. ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றி கேலிப்பரை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவே கூடாது. பின்னைத் துடைத்து அதற்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் (C வடிவத் திருகுப் பிடிப்பான்) பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து வையுங்கள், மட்டம் ஏறும். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணி போதும். டிஸ்கில் விரல் நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

வலது பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

முடித்ததும் சாவியைத் திருகுவதற்கு முன் பெடலை மிதித்து மிதித்து இறுகச் செய்யுங்கள். இதை மறந்து என் வீட்டு கேட்டை ஒருமுறை நானே இடித்திருக்கிறேன். இப்போதும் வீட்டம்மா அந்த நெளிசலைக் காட்டுவார்.

மதுரை_வண்டிக்காரன்:
அண்ணா, முடிந்தது! மேல் பின் சுலபமாக வந்தது. கீழ் பின்தான் வரவேயில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருகினேன். பழைய வெல்லம் மாதிரி கறுத்த கிரீஸோடு வெளியே வந்தது. நடுவில் ஆயில் டப்பா வழிந்து பெயின்ட்டில் நாலு சொட்டு. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், தழும்பு இல்லை. முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டது, வயிறு கலங்கிவிட்டது. ஐந்தாறு மிதியில் இறுகியது. கேலிப்பர் பழசேதான்.

பழைய_ஸ்பேனர்:
சபாஷ். காலியான ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை பத்து தடவை மிதமாக பிரேக் போட்டு, நடுநடுவே ஆறவிடுங்கள். நாளைக் காலை வீல் நட்டை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

பயணப்பித்தன்:
அந்த சி-கிளாம்ப் எங்கே வாங்கினீர்கள்?