பொருள்: இன்டரோசெப்ஷன் – உணர்வா, புலனா?

ஐயா, வணக்கம்.

பசி, இதயத்துடிப்பு என்று உடலுக்குள் நடப்பதை நாம் அறிவதுதான் இன்டரோசெப்ஷன்; அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'உள்ளுணர்வு' அழகான சொல்தான், ஆனால் அது எப்போதோ இன்ட்யூஷனுக்குப் போய்விட்டது. 'மெய்யுணர்வு'ம் சரிவராது. குறளில் 'மெய்யுணர்தல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு, அங்கே மெய் என்பது உண்மை, உடம்பு இல்லை.

என் பெரிய தயக்கம் 'உணர்வு' மேல்தான். அதைக் கேட்டதும் வாசகர் கோபம், துக்கம் என்று போய்விடுவார். 1906-ல் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் பிரித்தது வெளியுலகிலிருந்து வருவது, உடலின் உட்பரப்பிலிருந்து வருவது, தசையும் மூட்டும் சொல்வது என்று, மூன்றுமே புலன்கள்.

சாயங்காலம் மும்பை தாதரில் லோக்கல் ரயில் ஏறுகிறேன், குனிந்து பார்க்க இடமில்லை, ஆனாலும் என் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது. இது புரோப்ரியோசெப்ஷன். அதே வண்டியில் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தால், காதில் ஓடுகிற பாட்டில் ஒரு வரிகூட ஏறாது, அடுத்த ஸ்டேஷன் பெயரை அறிவிப்பது மட்டும் துல்லியமாகக் கேட்கும். காது எதைக் கேட்க வேண்டும் என்பதை வயிறு முடிவு செய்கிறது! 2014-ல் சாரா கார்ஃபிங்கலும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், இதயம் சுருங்கும் நேரத்தில் காட்டிய பயந்த முகங்கள், தளரும் நேரத்தில் காட்டியவற்றைவிட எளிதாகக் கண்ணுக்குப் பட்டன. துடிப்பு பார்வைக்குள்ளேயே நுழைகிறது, இதை வெறும் 'உணர்வு' என்று எப்படி ஒதுக்குவது?

அதனால் இன்டரோசெப்ஷனுக்கு 'உடலகப் புலன்', புரோப்ரியோசெப்ஷனுக்கு 'உறுப்புநிலைப் புலன்' என்று வைக்கலாம். ('உடல்நிலைப் புலன்' வேண்டாம், உடல்நிலை என்றாலே நலம் விசாரிப்பதுதான் நினைவுக்கு வரும்.) ஐம்புலன் தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கும் பட்டென்று புரியும்.

———

தம்பி,

'புலன்' சரி, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். 'உறுப்புநிலைப் புலன்' எனக்கு முழுச் சம்மதம். ஆனால் மற்றதற்கு வினை எங்கே? மொழிபெயர்க்க உட்கார்ந்தால் பெயர்ச்சொல்லைவிட வினைதான் அதிகம் தேவைப்படுகிறது, மருத்துவக் கட்டுரைகளில் எனக்குக் கை தடுக்குவதெல்லாம் அங்கேதான். தொல்காப்பியம் ஓரறிவை 'உற்றறிவதுவே' என்கிறது, தொடுகையால் அறிவது. அந்த வழியிலேயே 'உள்ளுற்றறிதல்' என்று ஒரு வினை வைத்துக்கொண்டால்? புலனின் பெயர் நீங்கள் சொன்னதே இருக்கட்டும்.

"பதற்றத்தில் தன் இதயத்துடிப்பை அவள் கூடுதலாக உள்ளுற்றறிந்தாள்." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எனக்கு 'ற்ற' இரண்டு முறை வருவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.